அழித்தால் போய்விடுமா?

ஹட்டன் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தி, போலிக் கணக்கிலிருந்து வந்த மிரட்டல் மெசேஜ்களைப் பயத்தில் அழித்துவிட்டு, "இப்போ என்ன அக்கா செய்றது?" என்று கேட்டாள். முதலில் தைரியமாக முறைப்பாடு செய்யச் சொன்னேன்.

போன், கணினியில் உள்ள தடயங்களை எடுத்து ஆராய்வதை டிஜிட்டல் தடயவியல் என்பார்கள். இதற்கென்றே படித்தவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டம், விசாரணைக்கு உதவும் நிபுணர்களாகப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றுபவர்களையும் ஏற்கிறது. அப்படிப்பட்டவர்களை அந்தப் பல்கலைக்கழகத்தின் உபவேந்தர்தான் நியமனத்துக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

அவர்களுடைய பொறுமைதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். போன் கைக்கு வந்ததும் சிக்னல் புகாத பையில் போடுவார்கள், தூரத்திலிருந்து யாரும் அழித்துவிடாமல் இருக்க. ஹார்ட் டிஸ்க் என்றால், எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் கருவி வழியாக அப்படியே பிரதி எடுத்து, அந்தப் பிரதியில்தான் வேலை. மூலத்துக்கும் பிரதிக்கும் எஸ்.எச்.ஏ-256 என்ற கணக்கைப் போட்டால், தரவின் கைரேகை மாதிரி 64 எழுத்து வரும்; இரண்டும் ஒன்றாக இருந்தால் பிரதி மாறவில்லை என்று அர்த்தம். உள்ளே ஒரு பிட், அதாவது தரவின் மிகச் சிறிய துணுக்கு, மாறினாலும் அந்த எழுத்துத் தொடரே வேறாகிவிடும். யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதற்கும் ஒவ்வொரு முறையும் கையெழுத்து.

அழித்தது சிலநேரம் மீளும். ஆனால் இப்போதைய போன்களில் அதை நம்பியிருக்க முடியாது. அதனால் அழிக்காதீர்கள், ரீசெட் பண்ணாதீர்கள். ஸ்கிரீன்ஷொட்டோடு அந்தக் கணக்கின் லிங்க்கையும் எடுத்து வையுங்கள்.

அப்புறம், ஏ/எல் முடித்த நம் மலையகப் பிள்ளைகளே, இந்தத் துறையையும் பாருங்கள். நம் பேச்சுத் தமிழில் வரும் மிரட்டலின் அர்த்தம் தெரிந்தவர்கள் அந்த மேசையில் இருக்க வேண்டும்.