முதல் நாளே கடிதம்

செவிலியர்களுக்கு ஓ.இ.டி. தேர்வின் எழுத்துப் பகுதியைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ பணிக்குப் போக விரும்புகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வுகளில் அதுவும் ஒன்று. புதிதாகச் சேருகிறவர்களின் இலக்கணத்தைச் சோதிக்க, நான்கு விடைகளில் ஒன்றை டிக் செய்யும் தாளை நான் கொடுப்பதில்லை. அதில் நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். பள்ளியிலிருந்தே கோடிட்ட இடம் நிரப்பிப் பழகியவர்கள். மூன்று நாளாகக் காய்ச்சல் என்பதற்கு ‘ஃபார்’ வருமா ‘சின்ஸ்’ வருமா என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள். அவர்களே நோயாளியைப் பற்றி டாக்டருக்குக் கடிதம் எழுதும்போது ‘சின்ஸ் த்ரீ டேஸ்’ என்று வந்து நிற்கும். விதி தெரியும், ஆனால் எதை எழுதுவது, எதை விடுவது என்ற யோசனையிலேயே கவனம் போய்விடுகிறது.

அதனால் முதல் நாளே கடிதம்தான். தேர்வில் இருப்பதுபோலவே நோயாளியின் குறிப்புகளைப் படிக்க 5 நிமிடம், எழுத 40 நிமிடம். 180 முதல் 200 சொற்கள். அந்தக் குறிப்புகள் தந்தி மாதிரி இருக்கும். ‘மெட்ஃபார்மின் 500 மி.கி., தினம் இரு வேளை’ என்றால் அவ்வளவுதான், வினைச்சொல்லே இருக்காது. வினையை எந்தக் காலத்தில் போடுவது என்பதை, கடிதம் எழுதுகிறவர்தான் முடிவுசெய்ய வேண்டும். ‘டேக்ஸ்’ என்றால் இப்போதும் சாப்பிடுகிறார். ‘டுக்’ என்று எழுதினால், நிறுத்திவிட்டார் போலிருக்கிறது என்று படிக்கிற டாக்டர் நினைக்கலாம். அடுத்த மருந்தை அதை வைத்துத்தான் எழுதுவார். நான் இலக்கணத்தில் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான். மதிப்பெண் அப்புறம்.

தவறுகளைத் திருத்திக் கொடுக்காமல் அடிக்கோடு மட்டும் போடுவேன். என்ன தவறு என்று அவர்களே கண்டுபிடித்து, ஒரு நோட்டில் வகை பிரித்து எழுத வேண்டும். சில கடிதங்கள் போனதும் நோட்டைப் புரட்டினால், ஒருவருக்குத் திரும்பத் திரும்ப வருவது இரண்டு மூன்று வகைதான் என்று தெரிந்துவிடும். இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் துணிந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல். கடைசிவரை தொல்லை கொடுப்பது பெரும்பாலும் ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ‘எ’, ‘தி’ இரண்டும்தான்.

சரிபார்க்கும்போது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தேட வேண்டாம் என்பேன். முதல் முறை வினைகள் மட்டும், அடுத்த முறை பெயர்ச்சொற்கள் மட்டும். போனில் இலக்கணம் திருத்தும் ஆப் இருக்கிறதே என்பார்கள். சரி, பயன்படுத்தட்டும். ஆனால் நோயாளியின் குறிப்பை அந்த ஆப் பார்த்ததில்லை. ‘டுக்’ போட்ட வாக்கியத்தில் அது ஒரு குறையும் காணாது. அதனால் ஆப்பைத் திறப்பதற்கு முன், குறிப்பையும் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு மருந்தாக ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.