கண்ணை மூடிக்கொண்டு தட்டினால் 132

கோலாலம்பூரில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் மருத்துவக் கல்விப் பிரிவில் இருக்கிறேன். மாணவர்கள் திருப்தியாக இருக்கிறார்களா என்று கேட்டு, பதிலை ஒரு எண்ணாக்கி மேலே அனுப்புவது எங்கள் வேலைகளில் ஒன்று. படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அரசு அமைப்பான எம்கியூஏவின் குழு வரும்போது அந்த அறிக்கையைக் கேட்பார்கள், அதனால் டீனுக்கும் அதில் அக்கறை உண்டு. எனக்கு அந்த எண்ணின் மேல் அவ்வளவு மரியாதை இல்லை.

நாங்கள் பயன்படுத்துவது ட்ரீம் என்கிற வினாத்தாள். ஸ்காட்லாந்தின் டண்டீயில் உருவாக்கி 1997இல் வெளியிட்டார்கள், இன்று பல நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் அதுதான் ஓடுகிறது. மொத்தம் 50 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 'கொஞ்சமும் ஒத்துக்கொள்ளவில்லை' என்றால் 0, 'முழுவதும் ஒத்துக்கொள்கிறேன்' என்றால் 4 என்று மதிப்பெண், ஆக 200. 51 முதல் 100 வரை வந்தால் 'நிறையப் பிரச்சினைகள்', 101 முதல் 150 வரை 'குறையைவிட நிறை அதிகம்', அதற்கு மேலே போனால் 'மிகச் சிறப்பு'. இதில் ஒன்பது வாக்கியங்கள் மட்டும் எதிர்மறையானவை. ஆசிரியர்கள் மாணவர்களைக் கேலி செய்கிறார்கள், களைப்பில் படிப்பை ரசிக்கவே முடியவில்லை, இந்த மாதிரி. இவற்றுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும்.

சரி, ஒரு மாணவன் எதையுமே படிக்காமல் 50க்கும் 'ஒத்துக்கொள்கிறேன்' என்று தட்டிக்கொண்டே போகிறான் என்று வையுங்கள். நல்ல வாக்கியங்கள் 41, தலைக்கு 3, ஆக 123. எதிர்மறை ஒன்பதுக்கும் தலைக்கு 1. கூட்டினால் 132, அதாவது குறையைவிட நிறை அதிகம். இன்னும் கொஞ்சம் உற்சாகமாக 'முழுவதும் ஒத்துக்கொள்கிறேன்' என்றே தட்டியிருந்தால் 164, மிகச் சிறப்பு! எல்லாவற்றுக்கும் நடுவில் இருப்பதையே தட்டினால் 100, கல்லூரி நிறையப் பிரச்சினைகள் கொண்டதாகிவிடும். அதனால் தாள் கைக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது அந்த ஒன்பதைத்தான். ஆசிரியர்கள் ஊக்கம் தருகிறார்கள், கேலியும் செய்கிறார்கள், கோபப்படுகிறார்கள், ஆனாலும் எல்லாம் அருமை என்று ஒரே ஆள் சொல்லியிருந்தால் அந்தத் தாளைத் தனியாக எடுத்து வைத்துவிடுவேன்.

படிக்காமல் தட்டுகிறார்கள் என்று மாணவர்களைத் திட்டவும் மனசு வரவில்லை. போஸ்டிங், அதாவது ஒரு துறையின் வார்டில் பயிற்சி, முடியும் கடைசி நாள், செய்த பயிற்சிகளைக் குறித்துவைக்கும் லாக் புக்கில் கையெழுத்துக்கு அலைந்துகொண்டிருக்கும் நேரத்தில் வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் வந்து விழும். ஃபார்மை நிரப்பினால்தான் மார்க் தெரியும் என்று ஒரு பூட்டும் போட்டோம் என்றால் நூற்றுக்கு நூறு பேர் நிரப்புவார்கள், அதில் பாதி 132ஆக இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

அப்புறம், நிதானமாகப் படித்து நிரப்பினாலும்கூடப் பிடித்திருப்பது வேறு, கற்றுக்கொண்டது வேறு. 1970இல் அமெரிக்காவில் ஒரு நடிகரை 'டாக்டர் ஃபாக்ஸ்' என்று பெயர் சூட்டி மேடையேற்றி, மனநலத் துறைக்காரர்கள் முன்னால் உள்ளே சரக்கே இல்லாத உரையை நகைச்சுவையோடு பேச வைத்தார்கள். கேட்டவர்கள் நல்ல மதிப்பெண்ணே கொடுத்தார்கள். 1973இல் ஆய்வாக வெளிவந்த கதை இது. எங்கள் கல்லூரியிலும் எல்லாருக்கும் பிடித்த லெக்சரர்கள் இருக்கிறார்கள், நான் யாரையும் சொல்லவில்லை.

இத்தனைக்குப் பிறகும் இந்த வேலையை நான் விடாமல் செய்வதற்குக் காரணம், 50 வாக்கியத்துக்குக் கீழே இருக்கும் அந்தக் காலிப் பெட்டி. 'வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா' என்று கேட்போம், முக்கால்வாசிப் பேர் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார்கள். நாலாம் ஆண்டு மாணவி ஒருத்தி, கிள்ளான் பெண், லாக் புக் விஷயமாக என் அறைக்கு வந்தபோது அந்தப் பெட்டியில் ஏன் எதுவும் எழுதுவதில்லை என்று சும்மா கேட்டேன்.

"எழுதினா நான்தான்னு தெரிஞ்சிடும்லா அக்கா. எங்க குரூப்ல எட்டுப் பேரு, தமிழ் பேசுறது நான் ஒருத்திதான்."

விஷயம் இதுதான். எஸ்டேட்டிலிருந்து வந்த பாட்டிகள், மலாய் அவ்வளவாக வராத தாத்தாக்கள் வார்டில் இருந்தால் குரூப்பில் யார் கேஸ் எடுத்தாலும், அதாவது நோயாளியிடம் விவரம் கேட்கப் போனாலும், இவளைத்தான் கூப்பிடுவார்கள். எப்போதிருந்து வலி, எந்தப் பக்கம், வாந்தி உண்டா, மலம் கறுப்பாகப் போகிறதா என்று எல்லாவற்றையும் இவள் கேட்டுச் சொல்வாள், அவர்கள் எழுதிக்கொண்டு ஸ்பெஷலிஸ்ட் முன்னால் ஒப்பிப்பார்கள். இவளுக்குத் தன் சொந்த கேஸ் எடுக்க மத்தியானம் ஆகிவிடும், அந்த நேரம் நோயாளி ஸ்கேனுக்குப் போயிருப்பார். "பாட்டிங்க பாவம்க்கா, என்னைப் பார்த்தாதான் பேசுறாங்க, எப்படி முடியாதுன்னு சொல்றது?" என்றாள். ட்ரீமின் 50 வாக்கியங்களில் எதற்குள்ளும் இது அடங்காது. அவள் போட்ட தாளிலும் மொத்த மதிப்பெண் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

அதிலிருந்து கருத்துகளைக் குரூப் வாரியாக டாக்டர்களுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டோம். எல்லா போஸ்டிங்கையும் சேர்த்து, மார்க் வந்த பிறகுதான் போகும். வார்டில் மொழிபெயர்க்க எவ்வளவு நேரம் போகிறது என்று ஒரு கேள்வியும் சேர்த்தேன். அடுத்த முறை கேண்டனீஸ் பேசும் பிள்ளைகளும் ஹொக்கியன் பேசும் பிள்ளைகளும் இதே புகாரைப் பத்தி பத்தியாக எழுதியிருந்தார்கள். இப்போது மொழிபெயர்க்கும் மாணவருக்கும் அந்த கேஸில் பங்கு உண்டு, தன் கேஸுக்குத் தனி நேரமும் உண்டு என்று போஸ்டிங் வழிகாட்டியில் ஏறியிருக்கிறது. சில டாக்டர்கள் பின்பற்றுகிறார்கள். டீன் கேட்டது ஒன்றுதான், இதனால் மொத்த ஸ்கோர் ஏறுமா என்று. ஏறாது டாக்டர், அந்தக் கேள்வி 200க்குள் வராது என்றேன்.