நின்றுபோன பைக்கில் கிக்கரை உதைப்பது கடைசி வேலை

பல வருடம் மூலையில் கிடந்த பைக் கைக்கு வந்ததும், புது பெட்ரோலை ஊற்றி ஒரு உதை விட்டுப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். சிலிண்டர் சுவரில் லேசாகத் துரு இருந்தால்கூட, ஆயில் இல்லாமல் ஏறி இறங்கும் பிஸ்டன் ரிங் அந்தத் துருவைத் தேய்த்துச் சுவரில் கோடு போட்டுவிடும். டேங்கில் இருக்கும் துருப்பொடி கார்புரேட்டருக்குள் இறங்கும். இப்படி நின்ற வண்டிகளில் பெரும்பாலும் எஞ்சின் நன்றாகவே இருக்கும். கெட்டுப்போனது பெட்ரோலும் ரப்பரும் பாட்டரியும்தான். எஞ்சினைக் கெடுப்பது அவசரத்தில் விடும் அந்த முதல் உதை.

முதலில் ப்ளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதிவிட்டுக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் அந்த மண் நேராக சிலிண்டருக்குள் விழும். ப்ளக் துளை வழியாக 5 முதல் 10 மில்லி எஞ்சின் ஆயிலை விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாள் டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பிஸ்டன் அசைந்தால் நல்ல சேதி. பிடித்திருந்தால் ஆட்டோமேடிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து ஊற்றி, இரண்டு மூன்று நாள் விட்டுச் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். அப்போதும் அசையவில்லையென்றால் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். கிக்கரில் ஏறி நின்று மிதித்தால் கிக்கர் பல்தான் உடையும்.

பழைய எஞ்சின் ஆயிலை இப்போதே இறக்கிவிடுங்கள். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பளபளவென்று உலோகத் துகள் வந்தால் மேற்கொண்டு ஓட்டும் எண்ணத்தை விட்டு எஞ்சினைப் பிரித்துப் பாருங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் புது ஆயில் ஊற்றியதும் டேப்பட் மூடியைத் திறந்து, வால்வை அழுத்தும் ராக்கர் மேலும் கொஞ்சம் விடுங்கள். பம்பு ஆயிலை மேலே ஏற்றும்வரை அதுதான் காப்பு. ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே இருக்கும் டேப்பட் இடைவெளியையும் அப்படியே பார்த்துவிடலாம். எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும், பிஸ்டன் கம்ப்ரஷனில் உச்சியில் நிற்க வேண்டும். சிறிய ஒற்றை சிலிண்டர் வண்டிகளில் 0.05 முதல் 0.10 மி.மீ. வரை கேட்கும், உங்கள் வண்டியின் அளவை அதன் கையேட்டில் பாருங்கள். இடைவெளியே இல்லையென்றால் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் கசியும். எத்தனை உதைத்தாலும் பிடிக்காது.

டேங்கில் மூக்கை வைத்தாலே தெரியும். கெட்ட பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறும். அதை வடித்துவிட்டு, பெட்ரோல் டேப்பையும் பெட்ரோல் அளவு காட்டும் சென்சாரையும் கழற்றி அந்தத் துளைகளை அடைத்துவிடுங்கள். லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்த வெந்நீரை நிரப்பி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். அதிகபட்சம் ஒரு நாள் போதும். தடித்த துருவுக்கு ஒரு கைப்பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கலாம். ஆனால் எத்தனை போட்டீர்கள் என்று எண்ணிப் போடுங்கள், அத்தனையும் வெளியே வர வேண்டும். பிறகு சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, சூடான காற்றில் உடனே உலர்த்தி, பெட்ரோலில் கொஞ்சம் ஆயில் கலந்து உள்ளே சுழற்றிவிடுங்கள். ஈரத்தோடு விட்டால் கண்ணெதிரே மறுபடி துரு பூக்கும்.

இனி கார்புரேட்டர். பாதிப் பிரச்சினை இதற்குள்தான். காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவைத் திருத்தும் ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன், எத்தனை சுற்றில் முழுதாக இறுகுகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டரைச் சுற்று இருக்கும். கிளீனர் அடிக்கும் முன் ஓரிங், டயஃப்ரம் என ரப்பர் அனைத்தையும் வெளியே எடுங்கள், இல்லாவிட்டால் ஊதிப் பெருத்துவிடும். ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. காய்ந்த பெட்ரோலின் பிசின் முதலில் அடைப்பது அதைத்தான். சோக் இழுத்தால் ஓடி, தள்ளியதும் அணைந்துபோகும் வண்டிக்கு வேறு காரணம் தேடும் முன் இதைப் பாருங்கள். ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வட்டமாகத் துளை தெரிய வேண்டும். ஊசியோ இரும்புக் கம்பியோ விடாதீர்கள், துளை பெரிதாகி அளவு மாறும். ஊற வைத்துக் காற்றடியுங்கள். மிஞ்சினால் மின்வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழை. ஜெட்டோடு நிறுத்தாமல் பாடிக்குள் ஓடும் துளைகளிலும் காற்றடித்து, மறுமுனையில் வருகிறதா என்று பாருங்கள். பெட்ரோல் ஓவர்ஃப்ளோ ஆனால் ஃப்ளோட் ஊசியின் முனையில் பள்ளம் விழுந்திருக்கலாம், அப்படியென்றால் ஊசியை மாற்றிவிடுங்கள். முன்பு சுற்று எண்ணிய ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் திறக்கத் திறக்கக் காற்று கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால் பெட்ரோல் கூடும். இது தெரியாமல் திருகினால் ட்யூனிங் எதிர்த்திசையில் போகும்.

ஃபோம் ஏர் ஃபில்டர் தொட்டதும் உதிர்ந்தால் புதிது போடுங்கள். ஃபில்டர் பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருக்கலாம், கைவிட்டுப் பாருங்கள்.

கரண்ட் வருகிறதா என்று பார்க்க, ப்ளக்கை மூடியோடு ஹெட்டில் படும்படி வைத்து எஞ்சினைச் சுழற்றுங்கள். ப்ளக் துளையிலிருந்து தள்ளி வையுங்கள், பெட்ரோல் ஆவி பற்றும். பாயிண்ட் (திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் தொடுமுனை) உள்ள பழைய வண்டியில் பொறி வராததற்குப் பெரும்பாலும் பாயிண்டில் படிந்த களிம்பே காரணம். நைஸ் எமரியில் தேய்த்து, எண்ணெயில்லாத தாளை நடுவே இழுத்துத் துடைத்து, 0.35 மி.மீ. அளவில் வையுங்கள். 12 வோல்ட் பாட்டரி ஒரு முழு சார்ஜுக்குப் பின் ஓரிரவு கழித்தும் 12.4 வோல்ட்டுக்குக் கீழே நின்றால் அது தேறாது.

பிறகு ப்ளக் இல்லாமல் நாலைந்து முறை கிக்கரை மெதுவாகத் தள்ளி, ஊற்றிய ஆயிலை வெளியேற்றுங்கள். சுவிட்ச் ஆஃபில் இருக்கட்டும். ப்ளக்கை மாட்டித் திறந்தவெளியில் ஸ்டார்ட் செய்யுங்கள். ஆரம்பத்தில் நீலப் புகை வருவது மீந்த ஆயில்தான். பத்து நிமிடத்துக்குப் பிறகும் வந்தால் ரிங் அல்லது வால்வு சீல். டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஐட்லிங் தானாக ஏறினால் உடனே அணையுங்கள். கிராங்க் சீல் காய்ந்து காற்றை உறிஞ்சக்கூடும். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் பிடித்துவிடும்.

கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். எஞ்சின் அணைந்திருக்கும்போது கிளட்சைப் பிடித்துக் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளினால் பல நேரம் விடுபடும்.

சாலையில் இறக்கும் முன் பிரேக்கும் டயரும். டயர் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் தயாரானது. டயர் பட்டன் (சாலையில் படும் மேடுகள்) புதிது போல இருந்தாலும் பக்கச்சுவர் வெடித்திருந்தால் அது டயரே இல்லை. டிரம் பிரேக்கில் ஷூ லைனிங் தகட்டிலிருந்து கழன்றிருக்கலாம், நகத்தால் நெம்பிப் பாருங்கள். டிஸ்க் என்றால் பழைய பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். மூடியில் எழுதியிருக்கும் தரத்திலேயே புதிது ஊற்றி, பிரேக் லைனில் இருக்கும் காற்றை எடுங்கள். காலிப்பர் சீலில் பெட்ரோலோ எஞ்சின் ஆயிலோ படக் கூடாது. ஆக்சிலேட்டரை விட்டதும் அது தானாகச் சட்டென்று திரும்ப வேண்டும். தயங்கினால் கேபிளை மாற்றிய பிறகே ஓட்டம்.

முதல் 100 கிலோமீட்டருக்குப் பின் எஞ்சின் ஆயிலை மறுபடி மாற்றுங்கள். டேப்பட்டையும் பெட்ரோல் டேப்பின் வலையையும் அன்றைக்கே திறந்து பாருங்கள். வலையில் செந்தூள் இருந்தால் டேங்கை இன்னொரு முறை கழுவ வேண்டும்.