ஸ்கெட்ச் காமெடி குழு தொடங்குகிற நண்பர்களுக்கு

ஸ்கெட்ச் என்றால் சில நிமிடமே ஓடும் நகைச்சுவைக் காட்சி. அதைச் செய்யும் குழுவில் நட்பு நிற்பதும் முறிவதும் ஸ்கிரிப்ட் வாசிக்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான். எழுதியவரே வாசிக்க வேண்டாம். குரல் ஏற்ற இறக்கத்தில் ஓட்டையை மூடிவிடுவார். முன்விளக்கம் எதுவும் இல்லாமல் தாளை வேறொருவரிடம் கொடுங்கள். எழுதியவர் பென்சிலோடு உட்கார்ந்து, சிரிப்பு வந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கோடு போடட்டும். ஒரு பக்கம் சுமார் ஒரு நிமிடம். முதல் முக்கால் பக்கத்தில் கோடே விழவில்லையா, ஆரம்பத்தை வெட்டுங்கள். பெரும்பாலும் அங்கே ‘வாங்க, உட்காருங்க’ வகை அறிமுகம்தான் இருக்கும்.

1969-ல் பிபிசியில் வந்த மான்ட்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவில் ஆறு பேர். அவர்களில் கிளீஸும் சாப்மனும் ஒரு ஜோடி, பாலினும் ஜோன்ஸும் இன்னொரு ஜோடி, ஐடில் தனியாக எழுதுவார். பிறகு கூடி உட்கார்ந்து உரக்க வாசிப்பார்கள். மற்றவர்கள் சிரித்ததுதான் தேறும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. வராத சிரிப்பை யாரும் வாதாடி வரவழைக்க முடியாதே!

கருத்து சொல்லும்போது ‘நல்லாயில்ல’ என்பது எதற்கும் உதவாது. ‘ரெண்டாம் பக்கத்துல டாக்டருக்கு என்ன வேணும்னே புரியல’ என்றால் அன்றிரவே திருத்திவிடலாம்.

அப்புறம் வேடம். பஞ்ச் எல்லாம் ஒருவருக்கே போனால், எதிரே சிரிக்காமல் நின்று கேள்வி கேட்கும் நடிகர் மெல்ல விலகிவிடுவார். அவர் இல்லாமல் அந்தச் சிரிப்பே வராது, மாற்றி மாற்றிக் கொடுங்கள். எழுத்து கிரெடிட், பணப் பங்கு இரண்டையும் முதல் வீடியோ ஏறும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீடியோ ஓடிவிட்ட பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே கூச்சமாகிவிடும்.