ஓத அட்டவணையும் ஒன்பது விருந்தினரும்

வெப்பமண்டலக் கடலின் நடுவே ஒரு சிறு தீவில் பல ஆண்டுகளாக வாழ்ந்து வருவதால், விடுமுறைக் காலத்தில் எங்கள் வீட்டுக்கு உறவினர் வருகை குறைவதேயில்லை. இந்த முறை அக்கா, அத்தான், அவர்களுடைய மூன்று பிள்ளைகள், சித்தப்பா, சித்தி, அவர்கள் மகன், 78 வயதான அத்தை என ஒன்பது பேர் வந்து பத்து நாள் தங்கிச் சென்றார்கள். நேற்றுத்தான் புறப்பட்டார்கள். பகலில் பெரும்பொழுதை வீட்டுக்கு வெளியே, மணலிலும் நீரிலும் மரநிழலிலும் கழிக்கவென்றே வருபவர்களை ஏற்று நடத்துவது, ஊருக்குள் விருந்தோம்புவதிலிருந்து மிகவும் வேறுபட்ட வேலை என்பதை நான் தாமதமாகவே புரிந்துகொண்டேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் இவர்களில் சிலர் வந்தபோது, ஒவ்வொரு நாளுக்கும் ஓர் இடமென்று கணக்கிட்டு, நிறைவான நிகழ்ச்சி நிரல் ஒன்றை எழுதி வைத்திருந்தேன். காலையில் நிதானமாக எழுந்து, குளித்து, உண்டு, பத்தரை மணிக்குக் கிளம்புவோம். பவளப்பாறைத் திட்டைப் பார்க்கப் போனால் அது நீருக்குள் மூழ்கியிருக்கும். குளிக்கப் போனால் கரையிலிருந்து நெடுந்தொலைவுக்கு நீர் வற்றிக் கிடக்கும். இரண்டாம் நாள் பகல் ஒரு மணிக்கு, நடைபாதையின் நடுவில் அத்தை தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். நிழலுக்குத் தூக்கிச் சென்று, ஆடையை நனைத்து, விசிறி, சிறிது சிறிதாக நீர் கொடுத்து அவர் தெளிவதற்குள் நான் அடைந்த அச்சம் இன்னும் நினைவில் இருக்கிறது. இடங்களை நான் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். நேரங்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எனக்கு இருப்பதாக நினைத்ததே பிழை.

எனவே இந்த முறை இடங்களின் பட்டியலை எழுதவேயில்லை. அதற்குப் பதிலாக ஓத அட்டவணையை, அதாவது கடல் நீர் ஏறி இறங்கும் நேரங்களை, பெரிய எழுத்தில் எழுதிக் கூடத்துச் சுவரில் ஒட்டினேன். கடல் நீர் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை இறங்குவதே பெரும்பாலான கரைகளின் வழக்கம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் ஆகும். ஆகையால் ஒவ்வொரு நாளும் அதே நிலை ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். விருந்தினர் பௌர்ணமிக்கு மறுநாள் வந்து இறங்கினார்கள். முதல் விடியலில் ஏழு மணிக்கு நீர் அடிமட்டத்துக்கு இறங்கியது. அடுத்த நாள் எட்டு மணிக்குச் சற்று முன். அதற்கடுத்த நாள் எட்டரையைத் தாண்டி. ஒரு வாரத்தில் எல்லாம் தலைகீழாகி, ஏழாம் நாள் விடியும் நேரத்தில் நீர் நிறைந்து தளும்பியது. பௌர்ணமி, அமாவாசை இவற்றையொட்டிய நாள்களில் ஏற்றமும் இறக்கமும் மிகுதி. பிறை பாதியாகும் நாள்களில் குறைவு. எந்த நாள் பாறைத் திட்டுக்கு, எந்த நாள் நீச்சலுக்கு, எந்த நாள் படகுக்கு என்ற கேள்விகளுக்கெல்லாம் இந்த ஒரு தாளே விடையாக இருந்தது.

“விடுமுறைக்கு வந்த இடத்திலும் ஐந்தரை மணிக்கு எழுப்பிவிடுகிறாயே” என்று சித்தப்பா முதல் நாள் வருத்தப்பட்டார். அவரை வற்புறுத்தவில்லை. ஆனால் பிள்ளைகள் திரும்பி வந்து, காலடியில் ஒளிந்துகொண்ட ஆக்டோபஸைப் பற்றியும் சங்கைச் சுமந்து நடக்கும் நண்டுகளைப் பற்றியும் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு சொன்னதைக் கேட்டபின், மறுநாள் எல்லாருக்கும் முன்பாகச் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றவர் அவர்தான். திட்டில் நடப்பதற்கு நான் இரண்டு நிபந்தனைகள் வைத்திருந்தேன். தடித்த அடிப்பகுதியுள்ள செருப்போ காலணியோ இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. மணலிலும் வெறும் பாறையிலும் மட்டுமே கால் வைக்க வேண்டும். பவளம் கல்லைப் போலத் தோன்றினாலும் மிக மெதுவாக வளரும் உயிரினக் கூட்டம் என்பதையும், ஒரு மிதியில் பல ஆண்டு வளர்ச்சி உடைந்து போகும் என்பதையும் பிள்ளைகளிடம் ஒருமுறை சொன்னால் போதும். பெரியவர்களை அவர்களே கண்காணித்துக்கொள்வார்கள்.

அப்படியும் சித்தப்பா மகன் காலணியைக் கழற்றிய ஒரு நிமிடத்தில் கடல் முள்ளெலியின் முள் ஒன்று அவன் காலில் ஏறிவிட்டது. தோலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த முள்ளை இடுக்கியால் எடுத்துவிட்டு, பொறுக்கும் அளவு சூடான நீரில், அதாவது 45 பாகை செல்சியஸைத் தாண்டாத நீரில், காலை அரை மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்தோம். வலி நன்றாகத் தணிந்தது. நஞ்சுள்ள மீனின் முள்ளாக இருந்திருந்தால் அதே சூட்டு நீருடன் நேராக மருத்துவமனைக்கு ஓடியிருப்போம்.

வெயிலைப் பற்றி நான் கண்டிப்பாகவே நடந்துகொள்கிறேன். இந்த அட்சரேகைகளில், வெயிலிலுள்ள புறஊதாக் கதிர்களின் வலிமையைக் காட்டும் புறஊதாக் குறியீடு நண்பகலையொட்டி 11ஐத் தாண்டுவது இயல்பு; அது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் மிக உச்சமான வகை. மெல்லிய மேகம் அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. தன் நிழல் தன் உயரத்தைவிடக் குட்டையாகிவிட்டால் கூரைக்கோ மரத்துக்கோ கீழே வந்துவிட வேண்டும் என்ற விதியை அக்காவின் கடைசிப் பெண் அத்தனை விருப்பத்துடன் ஏற்றுக்கொண்டாள். மணலில் நின்று நிழலை அளந்து அறிவிக்கும் பொறுப்பு அவளுடையதாயிற்று. குளிர்ந்த மலைப்பகுதியிலிருந்து வந்தவர்களின் உடல் இந்த வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் வரை ஆகும். காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை, உடல் குளிர்வதுமில்லை. பத்து நாள் விருந்தினர் அந்தப் பழக்கம் முழுமை அடையும் முன்பே திரும்பிவிடுவார்கள் என்பதை நினைவில் வைத்தால், முற்பகல் பத்து மணி முதல் பிற்பகல் நான்கு மணி வரை திண்ணையும் தூக்கமும் சீட்டாட்டமும் கதைகளும்தாம் என்ற முடிவு யாருக்கும் இழப்பாகத் தோன்றாது. உண்மையில் அந்த நடுப்பகல் மணிகளில்தான் அத்தை எங்கள் தாத்தாவைப் பற்றிய பல செய்திகளை முதன்முறையாகச் சொன்னார்.

சன்ஸ்கிரீன் பூசுவதைவிட முழுக்கைச் சட்டையோடு நீரில் இறங்குவதையே நான் விரும்புகிறேன். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற இரு பொருள்கள் பவளத்துக்குக் கேடு செய்யக்கூடும் என்பதால், அவை கலந்த சன்ஸ்கிரீன் விற்பனையை ஹவாய் 2021 தொடக்கம் முதல் தடைசெய்திருக்கிறது. பலாவ் தீவு நாடு 2020இலேயே இன்னும் விரிவான தடையைக் கொண்டுவந்தது. முகத்துக்கும் கழுத்துக்கும் துத்தநாக ஆக்சைடு கலந்ததை வாங்கி வைத்திருந்தேன்.

நீச்சலில் நான் அஞ்சுவது உயர்ந்த அலைகளுக்கு அல்ல. இருபுறமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஓரிடம் மட்டும் அமைதியாக, சற்றே கருமையாகத் தெரியுமே, அதற்குத்தான். கரையில் குவிந்த நீர் கடலுக்குள் திரும்பிப் பாயும் வழி அது. புதிதாக வருபவர்கள் அந்த அமைதியைக் கண்டு அங்கேதான் இறங்கப் போவார்கள். வலுத்த நீரோட்டம் விநாடிக்கு 2 மீட்டருக்கும் மேலான வேகத்தில் இழுக்கக்கூடும். தேர்ந்த நீச்சல் வீரரும் அதை எதிர்த்து நீந்திக் கரை சேர இயலாது. எதிர்க்காமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டபின் கரை நோக்கித் திரும்ப வேண்டும். இதை வாயால் சொல்லி விட்டுவிடாமல், எல்லாரையும் ஒரு மேட்டில் நிறுத்தி, அந்த இடைவெளியைக் கண்ணால் கண்டு விரல் நீட்டிக் காட்டும்வரை யாரையும் நீரில் இறங்க விடவில்லை. அத்தான் நன்றாக நீந்துபவர். அவரிடம் இதை வலியுறுத்தத் தயங்கினேன். ஆனால் அவரே தன் மகனை அழைத்துப் பலமுறை காட்டச் சொன்னார்.

சொல்வதற்கு மிகவும் கூச்சமாக இருந்தது தண்ணீர் விஷயம். வந்தவர்களிடம் “குறைவாகக் குளியுங்கள்” என்று எப்படிச் சொல்வது? சிறு தீவுகளில் நிலத்தடி நன்னீர் என்பது கனமான உப்புநீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய வில்லை. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் தாங்கப்படும் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால், மேலே 10 சென்டிமீட்டர் தொடர்ந்து குறைந்தாலே உப்புநீரின் எல்லை 4 மீட்டர் மேலேறி வரும். ஒருமுறை உவர்த்துவிட்ட கிணறு தேற நீண்ட காலமாகும். இதை ஒரு குவளையும் எண்ணெயும் வைத்துப் பிள்ளைகளுக்கு விளக்கியபோது பெரியவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று மாலை முதல், கடலில் குளித்தவர்கள் ஒரு வாளி நீரில் உப்பை அலசிக்கொண்டார்கள். நான் யாரிடமும் எதையும் கேட்க நேரவில்லை.

வெப்பமண்டலத்தில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்தி நீடிப்பதில்லை. மறைந்த அரை மணிக்குள் பாதை தெரியாமல் இருண்டுவிடும். ஆகவே மாலை நடைகளையெல்லாம் சூரியன் மறையும் முன் வீடு திரும்பும்படி அமைத்தேன். விண்மீன்களுக்காக மட்டும் ஏழாம் நாள் வரை காத்திருந்தோம், ஏனெனில் அன்று நிலவு எழ நள்ளிரவாகும். வடக்கே துருவ விண்மீன் அடிவானத்துக்கு மேலே எத்தனை பாகையில் நிற்கிறதோ அதுவே நாம் நிற்கும் அட்சரேகை என்று சொல்லி, நீட்டிய கையின் மூடிய முட்டியை 10 பாகையாகக் கொண்டு அளக்கச் சொன்னேன். எங்கள் தீவுக்கு ஒரு முட்டிதான். தங்கள் ஊரில் அது இதைவிட உயரத்தில் நிற்கும் என்று அக்காவின் மூத்தவன் தானாகவே கண்டுபிடித்துச் சொன்னபோது எனக்குச் சொல்ல முடியாத மகிழ்ச்சி.

அத்தைக்கு முழங்கால் வலி இருப்பதால் அலையில் நிற்க முடியாது. நீர் முற்றிலும் இறங்கிய இளங்காலையில், திட்டுக்கு உள்ளே கணுக்கால் ஆழத்தில் தேங்கி நிற்கும் தெளிந்த நீரில் மட்டுமே அவர் நடப்பார். வெயில் ஏறும் முன் அப்படி நீர் இறங்கிக் கிடந்த காலைகள் இந்தப் பயணத்தில் இரண்டே இரண்டு. அடுத்த ஆண்டின் நாள்காட்டியை எடுத்துப் பார்த்து, பௌர்ணமியன்றே வந்து சேரும்படி நாள் குறித்து அக்காவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அப்படி வந்தால் அத்தைக்கு மூன்று காலைகள் கிடைக்கும்.