கருத்தடை செய்த பிறகும் நாள் தள்ளினால்

"அக்கா, ஆணுறை 98 சதவீதம் பாதுகாப்பு என்கிறார்கள். அப்படியென்றால் நூறு தடவையில் இரண்டு தடவை தங்கிவிடுமா?" என்று என் சித்தி மகள் அண்மையில் தொலைபேசியில் கேட்டாள். திருமணமாகி ஓராண்டுகூட ஆகாத அவளுக்கு அந்த மாதம் நாள் தள்ளியிருந்தது. அந்த எண்ணின் பொருளை அதுவரை யாரும் அவளுக்கு விளக்கியிருக்கவில்லை.

நூறு தம்பதியர் ஓராண்டு முழுவதும், ஒவ்வொரு உறவிலும், தொடக்கம் முதல் இறுதிவரை பிழையின்றி ஆணுறை அணிந்தால் அவர்களில் ஏறத்தாழ இருவருக்குக் கரு உண்டாகலாம் என்பதே அந்தக் கணக்கு. எந்தத் தடுப்பும் இல்லாத நூறு தம்பதியரில் அதே ஓராண்டில் ஏறத்தாழ 85 பேருக்குக் கரு தங்கும். ஆனால் பிழையின்றி என்ற சொல் வீடுகளில் அவ்வளவு எளிதாகச் செல்லுபடியாவதில்லை. இன்று ஆபத்தில்லாத நாள் என்று விட்டுவிடுகிறவர்கள், பாதியில் அணிகிறவர்கள், தேங்காய் எண்ணெய் ரப்பரைப் பலவீனமாக்கும் என்பதை அறியாமல் அதைத் தடவுகிறவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்க்கும்போது 2 என்பது 13 ஆகிவிடுகிறது. தினசரி மாத்திரையிலும் இதே கதைதான். ஒரு நாளும் தவறாமல் விழுங்கினால் ஆயிரத்தில் மூவர், நடைமுறையில் நூற்றில் ஏழு பேர். காசநோய்க்குக் கொடுக்கப்படும் ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமசெபின் போன்றவை மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும் என்பதை மருந்துச் சீட்டு எழுதுகிறவர் எடுத்துச் சொன்னால்தான் உண்டு.

கர்ப்பப்பைக்குள் பொருத்தும் காப்பர் டியில் இந்த இடைவெளி ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. பொருத்திய பிறகு நாம் நினைவில் வைத்துச் செய்யவேண்டியது எதுவும் இல்லாததால், ஆயிரம் பேருக்கு ஓராண்டில் ஆறு என்ற கணக்கு நடைமுறையில் எட்டு என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. இரண்டாவது குழந்தைக்குப் பிறகு நான் அதைத்தான் தேர்ந்தெடுத்தேன். அது நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று என் மாமியார் கடைசிவரை நம்பினார். கர்ப்பப்பையிலிருந்து நெஞ்சுக்குச் செல்ல வழியே கிடையாது என்று கிராம சுகாதாரச் செவிலியர் படம் வரைந்து காட்டியும் அவர் சமாதானமாகவில்லை. உண்மையில் கவனிக்கவேண்டியவை வேறு: முதல் சில மாதங்களில் உதிரப்போக்கும் வலியும் கூடலாம், சிலருக்கு அது தானாகவே வெளியே வந்துவிடலாம், ஆகவே அதன் முனையில் தொங்கும் நூல் கைக்குத் தட்டுப்படுகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது.

தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். பலர் இருபதுகளிலேயே, இரண்டாவது பிரசவத்தோடு சேர்த்துச் செய்துகொள்கிறார்கள். அதற்குப் பிறகு நாள் தள்ளினால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை; வந்தால் அது பெண்ணின் நடத்தைமேல்தான் வருகிறது. என் ஓர்ப்படிக்கு அதுதான் நேர்ந்தது. ஆபரேஷன் முடிந்து சில ஆண்டுகள் கழித்து அவர் கருவுற்றபோது, உறவினர் இருவர் வாயில் வந்த பேச்சை நான் இங்கே எழுத விரும்பவில்லை. துண்டிக்கப்பட்ட சினைக்குழாயின் முனைகள் அரிதாக மீண்டும் இணைந்துகொள்ளும் என்பது மருத்துவம் நீண்ட காலமாக அறிந்த செய்தி. அமெரிக்காவில் 10,685 பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1996இல் வெளியான ஆய்வு, பத்தாண்டுக்குள் ஆயிரம் பேரில் 18 அல்லது 19 பேர் கருவுறக்கூடும் என்று கணக்கிட்டது. இளம் வயதில் செய்துகொண்டவர்களிடம் அது கூடுதலாக இருந்தது. நம் ஊர் வழக்கத்தோடு இதைச் சேர்த்துப் படிக்கவேண்டும். ஆபரேஷன் தோற்றது என்பதாலேயே மருத்துவர் கவனக்குறைவாக இருந்தார் என்றாகாது என்று உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. நீதிமன்றமே இயல்பானதென்று ஏற்றுக்கொண்ட ஒரு தோல்விக்கு வீட்டுக்குள் பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எந்த நியாயத்தில் சேரும்?

அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு உண்டான கருக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கர்ப்பப்பைக்கு வெளியே தங்கியிருந்தது. ஆகவே ஆபரேஷன் செய்தவரோ காப்பர் டி பொருத்தியவரோ நாள் தள்ளி, அடிவயிற்றில் ஒரு பக்கம் வலித்தால் அல்லது தலைசுற்றி மயக்கம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். கடையில் வாங்கும் கருக்கலைப்பு மாத்திரை குழாயில் தங்கிய கருவை அகற்றாது. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

தங்கைக்கு நான் சொன்னது எளிமையானது. உறவு கொண்டு 72 மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டிய அவசர மாத்திரை கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுமே தவிர, தங்கிவிட்ட கருவைக் கலைக்காது. எனவே நாள் தள்ளிய பிறகு அதனால் பயனில்லை. தமிழ்நாட்டு மருந்துக்கடைகளில் அது எளிதாகக் கிடைக்காமலிருப்பதை ஒழுக்கத்தின் காவல் என்று சிலர் கருதுவது எனக்கு எரிச்சலூட்டுகிறது. கடைசியாக உறவு கொண்டு 21 நாட்கள் கடந்தபின் காலை முதல் சிறுநீரில் பரிசோதித்து இல்லை என்று வந்தால் பெரும்பாலும் நம்பிவிடலாம். ஆம் என்று வந்தாலும் வழி அடைபட்டுவிடுவதில்லை. கருத்தடை தோற்று உண்டான கருவை ஒரு மருத்துவரின் ஒப்புதலோடு 20 வாரம்வரை கலைக்கச் சட்டம் இடமளிக்கிறது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் மணமான பெண்ணுக்கும் கணவருக்கும் மட்டுமென இருந்த இந்தக் காரணம் 2021 திருத்தத்தால் பெண்ணுக்கும் அவருடைய துணைக்கும் என்று விரிந்தது. பதினெட்டு வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் ஒன்றே போதும். கணவரின் கையெழுத்தைக் கேட்பது சட்டத்தில் இல்லாத நிபந்தனை.

அவளுடைய பரிசோதனையில் இல்லை என்றே வந்தது. எங்கள் வீட்டிலோ காப்பர் டியின் பத்தாண்டு முடியப்போகிறது. இம்முறை என் கணவர் ஆண்களுக்கான கருத்தடைச் சிகிச்சை செய்துகொள்வதாக முடிவெடுத்திருக்கிறோம். தமிழ்நாட்டில் அதைச் செய்துகொண்ட ஆண்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை என்றாலும், தையலின்றிச் சில நிமிடங்களில் முடியும் அந்தச் சிகிச்சை பெண்களுக்கான ஆபரேஷனைவிடப் பாதுகாப்பானது, தோல்வியும் குறைவு. முடிந்த அன்றே அது வேலை செய்யத் தொடங்குவதில்லை. மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் உயிரணு இல்லை என்று உறுதியாகும்வரை ஆணுறை தேவை.