இலாபநட்டக் கணக்கில் வராத செலவு

உயர்தர வணிகப் பிரிவு மாணவர்களுக்கும், வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்கத் தொடங்கிய என் பழைய மாணவர்களுக்கும் பல ஆண்டுகளாகப் பாடம் சொல்லி வருகிறேன். வியாபாரத்தின் சமூகப் பொறுப்பு என்ன என்று கேட்டால் பெரும்பாலான விடைத்தாள்களில் ஒரே பதில்தான் இருக்கும்: பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொப்பி, கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் நன்கொடை, வெள்ள காலத்தில் உலருணவுப் பொதி. இவை நல்ல செயல்கள்தான். ஆனால் இவற்றோடு விடையை முடிக்கும் மாணவர், இலாபம் எப்படிச் செலவிடப்பட்டது என்பதைப் பார்த்தாரே தவிர, எப்படி உழைக்கப்பட்டது என்பதைப் பார்க்கவில்லை. இந்தப் பாடப்பகுதியைக் கற்பிப்பவரும் கற்பவரும் அந்த இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மட்டக்களப்பில் அதற்கு அரிசி ஆலையைவிடப் பொருத்தமான இடம் இல்லை. நெல்லின் நிறையில் ஏறக்குறைய 20 சதவீதம் உமி. ஆயிரம் கிலோ நெல் குற்றினால் 200 கிலோ உமி சேரும். அதைக் கொதிகலனில் எரித்தால் சுமார் 40 கிலோ சாம்பல் மிஞ்சும். புழுங்கலுக்காக நெல்லை ஊறவைத்த தண்ணீர் மஞ்சள் நிறமாக, புளித்த வாடையோடு வெளியே வரும். அதை அப்படியே வாய்க்காலில் விட்டால், அதிலுள்ள சேதனப் பொருள் அழுகும்போது நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறைந்து மீன்கள் மூச்சுத் திணறும். மாணவர்களை ஆலை முற்றத்தில் நிறுத்தி, முதலில் நெல் கொள்வனவு, கூலி, மின்சாரம், போக்குவரத்து எனக் கணக்கில் வரும் செலவுகளை எழுதச் சொல்வேன். பிறகு, ஊறல் தண்ணீருக்கான செலவை யார் கொடுக்கிறார் என்று கேட்பேன். கிணற்று நீர் வாடை அடிப்பதாகச் சொல்லும் அயல்வீட்டார், கொடியில் காயும் துணியிலிருந்து சாம்பலை உதறும் அம்மா, வாவியில் வலை வீசும் மீனவர் என்று ஒவ்வொருவராகப் பட்டியலில் ஏறுவார்கள். ‘அக்கறையுடைய தரப்பினர்’ என்று நாம் மனனம் செய்விக்கும் தலைப்பு அங்கே முகமும் குரலும் பெறுகிறது. பொருளியல் படிக்கும் மாணவர்கள், வியாபாரம் தானே ஏற்கும் தனியார் செலவுக்கும் சமூகம் முழுவதும் சுமக்கும் சமூகச் செலவுக்கும் இடையிலான வேறுபாடு இதுதான் என்று தாமாகவே சொல்லிவிடுவார்கள்.

அங்கேயே நின்றுவிடாமல் கணக்கீட்டு அறிவைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். கழிவுநீரைத் தேக்கித் தெளியவைத்துச் சுத்திகரிக்கும் தொட்டிகளைக் கட்ட எவ்வளவு ஆகும், அதை ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஒரு கிலோ அரிசியின் விலையில் எவ்வளவு கூடும் என்பதை மாணவர்களே கணித்துப் பார்க்கட்டும். அந்தத் தொகையை ஆலையின் ஆண்டு நன்கொடையோடு ஒப்பிடும்போது எழும் விவாதத்தை எந்தக் குறிப்புப் புத்தகமும் தராது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தையும் அந்த இடத்தில் அறிமுகப்படுத்தலாம். அதன் கீழ் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் பெற வேண்டிய தொழில்களுள் அரிசி ஆலைகளும் அடங்குகின்றன.

கோட்பாடுகளை இதற்குப் பின் கொண்டுவந்தால் அவை எளிதில் பிடிபடும். அமெரிக்க முகாமைத்துவப் பேராசிரியர் ஆர்ச்சி கரோல் 1991இல் வரைந்த சமூகப் பொறுப்புக் கூம்பகத்தில் பொருளாதாரப் பொறுப்பு அடியிலும், அதன் மேல் சட்டப் பொறுப்பும், அதற்கும் மேல் ஒழுக்கநெறிப் பொறுப்பும், உச்சியில் கொடையும் உள்ளன. நம் மாணவர்கள் உச்சியை மட்டுமே எழுதுகிறார்கள். அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன் 1970இல் எழுதிய கட்டுரையையும் தவிர்க்காமல் படிப்பிக்க வேண்டும். பங்குதாரரின் பணத்தை முகாமையாளர் தன் விருப்பப்படி சமூகப் பணிக்குக் கொடுக்கக்கூடாது என்ற அவருடைய வாதம் நன்கொடையைத்தான் நேராகத் தாக்குகிறது. ஏமாற்றலும் மோசடியும் இன்றி விதிகளுக்குள் நின்றே இலாபம் தேட வேண்டும் என்று அவரும் நிபந்தனை வைத்ததால், ஊறல் தண்ணீரைச் சட்டத்துக்கு மாறாக வாய்க்காலில் விடுபவர் அவரைத் துணைக்கு அழைக்க முடியாது. வகுப்பில் பாதிப் பேரை ஃபிரீட்மன் பக்கம் பேசவிடுங்கள். எதிர்த்தரப்பின் வாதம் அப்போதுதான் கூர்மையாகும்.

அம்பாறை மாவட்ட மாணவர்களுக்கு ஒலுவில் துறைமுகம் கண்முன்னே உள்ள பாடம். டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்ட அதன் அலைதடுப்பு அணைகள், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்தன. துறைமுக வாயிலில் மணல் குவிந்தது. வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் அரித்தது. வள்ளம் இழுத்துவைக்கக் கரை இல்லாமற்போன மீனவரின் இழப்பு திட்டச் செலவில் எங்கே இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். எதிர்காலத் தலைமுறையின் தேவைகளைப் பாதிக்காமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றுவது என்ற, நிலைபேறான அபிவிருத்திக்கு 1987ஆம் ஆண்டு ஐ.நா. ஆணைக்குழுவின் புருண்ட்லாந்து அறிக்கை தந்த வரைவிலக்கணத்தை அதன் பிறகு மனனம் செய்ய வேண்டியிருக்காது.

பல்கலைக்கழக மாணவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். மக்கள், பூமி, இலாபம் என்ற மூன்றையும் சேர்த்து அளக்கும் எண்ணத்தை 1994இல் முன்வைத்த பிரித்தானிய எழுத்தாளரும் ஆலோசகருமான ஜோன் எல்கிங்டன், அது வெறும் அறிக்கையிடும் கருவியாகச் சுருங்கிவிட்டது என்று கருதி 2018இல் அதைத் தாமே மீளாய்வுக்கு உட்படுத்தினார். இதைக் குறிப்பிடும் விடைக்கு ஆழம் கூடும்.

பரீட்சையில் எழுதும்போது ஒரு தரப்பினரைப் பெயர் சொல்லித் தெரிவுசெய்து, வியாபாரத்தின் எந்தச் செயல் அவரைப் பாதிக்கிறது, அதைக் குறைக்க என்ன செய்யலாம், அதற்கான செலவும் நீண்டகால நன்மையும் எவை என்று தொடர்ச்சியாக எழுதுங்கள். நன்கொடை பற்றிக் கடைசியில் ஒரு வாக்கியம் போதும். ஆசிரியர்கள் ஆலைக்குச் செல்வதாயின் பெரும்போக அறுவடை முடிந்து நெல் குவியும் மாசி, பங்குனி மாதங்களைத் தெரிவுசெய்யுங்கள். முதலாளியிடம் முன்கூட்டியே அனுமதி பெற்று, குறை காண்பதற்காக வரவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லி, மாணவர்கள் தயாரித்த செலவுக் கணிப்பின் ஒரு பிரதியை அவருக்கும் கொடுத்துவிட்டு வாருங்கள்.